கமான் பட்டை: வில்வண்டி முதல் ஜீப் வரை

கமான் பட்டை என்பது வண்டியின் உடலுக்கும் அச்சுக்கும் இடையே அடுக்கி வைக்கப்படும் வளைந்த எஃகுத் தகடுகளின் தொகுதி. மேட்டிலும் பள்ளத்திலும் சக்கரம் ஏறி இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு உடலை ஓரளவு நிலையாக வைப்பது இதன் வேலை. தமிழகத்தில் இது முதலில் மாட்டு வண்டியில் வந்தது. பிறகு பேருந்து, லாரி, ஜீப் ஆகியவற்றுக்கு வந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலான நிலத்தை முன்வைத்து, பட்டையை ஊர்ப் பட்டறையிலும் வீட்டு வாசலிலும் சோதித்து மாற்றிக்கொள்ளும் வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை சொல்கிறது.

பெயர்

வில்வண்டி என்ற பெயரிலேயே செய்தி இருக்கிறது. வண்டிக்கு அடியில் இருக்கும் வளைந்த எஃகு வில்லைப் போன்றிருந்ததால் அப்பெயர். ‘கமான்’ என்பதும் வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்தான். உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. மாட்டு வண்டிக்காரர் வில் என்றதை லாரி மெக்கானிக் கமான் என்றார். தனித்தனித் தகட்டுக்குப் பட்டை என்றும் பிளேட் என்றும் பெயர். இரு நுனிகளும் காது போலச் சுருட்டப்பட்ட நீளமான தகடு மெயின் பட்டை. அதற்கடியில் ஒன்றைவிட ஒன்று குட்டையாகப் பட்டைகள் வரும். நடுவில் சென்டர் போல்ட் துளைத்துப் பிடிக்கும். யூ-போல்ட் இரண்டு அந்த அடுக்கை அச்சோடு கட்டும். ஒரு முனை சேசிஸோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். மறு முனை ஷேக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். வளைந்த பட்டை எடை ஏறி நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காகவே ஷேக்கிள்.

வில் இல்லாத வண்டி

வயலுக்கும் களத்துக்கும் ஓடிய கட்டை வண்டிக்கு வில் கிடையாது. அச்சின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் பாரம், அவ்வளவுதான். நெல் மூட்டைக்கு வலிப்பதில்லை என்பதால் அது குறையாகவும் தோன்றவில்லை. ஆள் ஏறும்போதுதான் சிக்கல். கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்து உட்காருவார்கள். வைக்கோல்தான் அன்றைய சஸ்பென்ஷன் என்று சொல்லிவிடலாம்.

ஐரோப்பாவில் குதிரை வண்டியின் உடலைத் தோல்வார்களில் தொங்கவிடுவது பழைய வழக்கம். 1804-இல் இங்கிலாந்தின் ஓபடையா எலியட் நீள்வட்ட வடிவில் அடுக்கிய எஃகு வில்களின் மேல் உடலை நேரடியாக அமர்த்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டிக்கு அடியில் இருந்த கனத்த மரச்சட்டம் தேவையற்றுப் போனது. வண்டி எடை குறைந்து, உயரமும் தாழ்ந்தது. இந்த வகை வண்டிகள் சென்னைக்கும் வந்தன. 1840-இல் சென்னையில் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் செய்த தொழிலே கோச்சு வண்டி கட்டுவதுதான். 1903-இல் அந்நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவி மோட்டார் வண்டி ஒன்றை உருவாக்கினார்.

கோச்சு வண்டியில் இருந்த வில் மாட்டு வண்டிக்குப் போனது. கூண்டு வண்டியின் உடலுக்கும் இரும்பு அச்சுக்கும் இடையே இருபுறமும் பட்டை அடுக்கைப் பொருத்தினால் அது வில்வண்டி. மிராசுதார், வழக்கறிஞர், மருத்துவர் போன்றோரின் சவாரி வண்டியாக அது ஆனது. பெண் பார்க்கப் போவதற்கும் திருவிழாவுக்குப் போவதற்கும் வில்வண்டி பூட்டுவது ஒரு தோரணை. ஆகவே அதில் யார் ஏறலாம் என்பதும் கேள்வியானது. 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் ஓட்டிச் சென்றார். கட்டை வண்டியில் போயிருந்தாலும் எதிர்ப்பு வந்திருக்கும். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது உயர்ந்தவர்களின் வண்டியாகக் கருதப்பட்ட வில்வண்டியை. மலையாளத்தில் அந்நிகழ்வு இன்றும் ‘வில்லுவண்டி யாத்திரை’ என்றே அழைக்கப்படுகிறது.

வில்வண்டி வந்ததும் ஊர்க் கொல்லருக்குப் புதிய வேலை வந்தது. பட்டை உடைந்தால் மாற்ற வேண்டும், தொய்ந்தால் வளைவு ஏற்ற வேண்டும். எத்தனை பட்டை வைப்பது என்பதை வண்டிக்காரரும் கொல்லரும் பேசித்தான் முடிவு செய்தார்கள். இரண்டு பேர் போகும் வண்டிக்கு நான்கு பட்டை போதுமென்றால், குடும்பமே ஏறும் வண்டிக்கு இன்னொன்று வேண்டும். ஏற்றிப் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது, கழற்றி மாற்றுவது. வீட்டு வாசலில் சஸ்பென்ஷனைச் சோதித்து மாற்றும் பழக்கம் ஜீப்போடு வந்ததல்ல.

பரங்கிப்பேட்டை எஃகு

பட்டைக்கு நல்ல எஃகு வேண்டும். இந்த இடத்தில் கடலூர்–சிதம்பரம் வட்டாரத்துக்கு, பலர் மறந்துவிட்ட ஒரு பங்கு உண்டு.

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை இவ்விரு ஊர்களுக்கும் இடையே இருக்கிறது. ஆங்கில ஆவணங்களில் அதன் பெயர் போர்ட்டோ நோவோ. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், வேலையை விட்டுவிட்டு, 1830-ஐ ஒட்டி இங்கே ஐரோப்பிய முறை இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாது, காட்டு மரத்தின் கரி, கம்பெனி அரசின் முன்பணம் ஆகிய மூன்றையும் நம்பி ஆலை நடந்தது. நவீன ஊதுலை முறையில் இந்தியாவில் இரும்பு உருக்க எடுக்கப்பட்ட தொடக்க முயற்சிகளில் இது முக்கியமானது. இங்கு உருக்கிய வார்ப்பிரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது.

ஆலை இலாபம் காணவில்லை. கரிக்காக மரம் வெட்ட வெட்டக் காடு பின்வாங்கியது; தாது வெகு தொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியும் பயனில்லை. 1860-களில் உலைகள் அணைந்தன.

ஹீத்தின் பெயர் நிலைத்தது வேறொன்றால். இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீசுச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு சேர்த்தால், மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு உருக்காலைகள் அம்முறையை எடுத்துக்கொண்டன. ஆனால் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவரே, சேர்க்கும் பொருளின் வடிவத்தைச் சற்று மாற்றிவிட்டு, உரிமைத்தொகை தர மறுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே வந்தது.

இன்றைய பட்டை எஃகில் சிலிக்கானும் மாங்கனீசும் முக்கியக் கலப்புகள். ஹீத்தின் குப்பியிலிருந்து இன்றைய கமான் பட்டைக்கு நேர்க்கோடு இழுத்துவிட முடியாது. இடையில் பெசமர் உலை உட்பட எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் எஃகில் மாங்கனீசின் பயனைத் தொழில்முறையில் காட்டிய மனிதர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் என்பதை இந்த வட்டார வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஜீப்

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றுக்கு விலைப்புள்ளி கேட்டது. பான்டம் என்ற சிறு நிறுவனம் 49 நாளில் மாதிரி வண்டியைக் கட்டி, செப்டம்பர் 23 அன்று ஹோலபேர்டு முகாமில் ஒப்படைத்தது. அங்கே அதை 3,000 மைலுக்கும் மேல், பெரும்பகுதி சாலையற்ற நிலத்தில், ஓட்டிச் சோதித்தார்கள். பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களும் சேர்ந்தன. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்துவிட்டன.

அந்த வண்டியின் சஸ்பென்ஷனைப் பார்த்தால் எலியட்டுக்கு அது புரியாமல் போயிருக்காது. முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு. நான்கு மூலையிலும் கமான் பட்டை. கூடுதலாக ஷாக் அப்சார்பர் மட்டும். எந்த ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம் என்பதே அதன் பலம். தொழிற்சாலையும் ஓட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது: போர்க்கால வில்லிஸின் இடது முன் பட்டைக்குக் கீழே ஒரு துணை வில்லைப் பின்னர் சேர்த்தார்கள்.

1945 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மகிந்திரா அண்ட் முகம்மது நிறுவனம், நாடு பிரிந்தபின் 1948-இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பிரித்த நிலையில் இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டித் தந்தது. படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரித்தது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபின், வட்டார வளர்ச்சி அலுவலரும் ஜீப்பும் பிரிக்க முடியாத ஜோடி ஆனார்கள். தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு ஜீப் என்றால் சர்க்கார் என்று பொருள். ஓடி ஓய்ந்த அரசு ஜீப்புகள் கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுத்தவர் அதைப் பட்டறைக்கு இழுத்து வருவார். வீட்டு வாசலில் ஜீப்பைப் பிரித்துப் பூட்டும் கலை பல ஊர்களில் இப்படித்தான் வளர்ந்தது.

நிலம்

கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்தக் குறுகிய தூரத்துக்குள் வண்டிக்கு மூன்று வகை நிலம். கிழக்கே தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை கடற்கரை மணல். மேற்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரி விளையும் செம்மண் மேடு. தெற்கே சிதம்பரத்தைச் சுற்றியும் வீராணம் ஏரிப் பாசனத்திலும் கொள்ளிடக் கரை வரையிலும் களிமண். மழைக்கு முன் இந்தக் களிமண் சக்கரத் தடத்தோடு காய்ந்து கல்லாகிவிடும். ஐப்பசி அடைமழையில் அதே தடம் சேற்றுக் குழி. ஒரு வரப்பு வழியில் இடது சக்கரம் குழியிலும் வலது சக்கரம் மேட்டிலும் போவது சாதாரணம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலின் போதும், 2015 வெள்ளத்தின் போதும் தார்ச்சாலைகளே இந்நிலைக்கு வந்தன.

மணலுக்கு மென்மையான வில்லும் காற்றுக் குறைத்த டயரும் ஏற்றவை. காய்ந்த களிமண் தடத்துக்குச் சக்கரம் மேலும் கீழும் அதிகம் நகர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போக உடல் சாயாத விறைப்பு வேண்டும். மூன்றையும் ஒரே பட்டை அடுக்கு முழுமையாகத் தராது. வீட்டில் செய்யும் எந்த மாற்றமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதுதான்.

வாசலில் செய்யும் சோதனை

பழைய மெக்கானிக்குகள் வண்டியின் மூலையைக் கையால் அழுத்தி விடுவார்கள். உடல் ஒருமுறை எழும்பி அடங்கினால் ஷாக் அப்சார்பர் நன்றாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் அது போய்விட்டது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் பட்டையைப் பற்றி இது அதிகம் சொல்லாது.

பட்டையை அறிய எடை வேண்டும். கிராமத்து வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. 50 கிலோ மூட்டைகள் இருக்கும். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் கணிசமான வேறுபாடு இருந்தால் ஒரு பக்கப் பட்டை தொய்ந்திருக்கிறது. பிறகு பின் அச்சுக்கு நேர் மேலே ஒவ்வொரு மூட்டையாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நான்கு மூட்டைக்கு, அதாவது 200 கிலோவுக்கு, பின்புறம் 4 செ.மீ. இறங்கினால் இரு பட்டைகளும் சேர்ந்து செ.மீ.க்கு 50 கிலோ தாங்குகின்றன. ஒன்றுக்கு 25 கிலோ.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். மூட்டைகளை இறக்கும்போதும் அளப்பது இதைவிட முக்கியம். ஏற்றும்போது 100 கிலோவுக்கு இருந்த உயரமும், இறக்கி வரும்போது அதே 100 கிலோவுக்கு இருக்கும் உயரமும் ஒன்றாக இருக்காது. அந்த இடைவெளிக்குக் காரணம் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவது. இடைவெளி சிறிதாக இருந்தால் நல்லது. அந்த உரசல் ஆட்டத்தை அடக்க உதவுகிறது. பெரிதாக இருந்தால் பட்டைகளுக்கு நடுவே துரு பிடித்துவிட்டது. கடலூர் துறைமுகத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும் நோய். வில் வேலை செய்யாமல் ஒரே கட்டை போல ஆகிவிடும். ஓட்டுபவர் ‘வண்டி ரொம்ப ஹார்டா இருக்கு’ என்று ஒரு பட்டையைக் கழற்றச் சொல்வார். கழற்ற வேண்டியது துருவை. அடுக்கைப் பிரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பூட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். துருப்பிடித்த குழிகளில்தான் விரிசலும் தொடங்கும் என்பதால், பிரித்த கையோடு ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சக்கரம் எவ்வளவு நகர்கிறது என்பதற்குத் தனிச் சோதனை. உலகெங்கும் ஜீப் பிரியர்கள் 20 பாகைச் சரிவுப் பலகையில் ஒரு முன் சக்கரத்தை ஏற்றி, வேறு ஏதேனும் சக்கரம் தரையைவிட்டு எழும் வரை போவார்கள். பலகையில் ஏறிய தூரத்தை இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தால் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் ஓர் எண் வரும். அச்சிடைத் தூரம் 203 செ.மீ. கொண்ட பழைய ஜீப் 100 செ.மீ. ஏறினால் எண் 493. பலகை இல்லாதவர்கள் ஜாக்கியால் ஒரு சக்கரத்தை மெதுவாக உயர்த்தி அளக்கலாம். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகே குனிய வேண்டும். சக்கரம் கடைசி வரை தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஷாக் அப்சார்பர் நீளம் தீர்ந்துவிடுகிறதா, மேலே ஏறும்போது டயர் எதிலாவது உரசுகிறதா என்று பார்ப்பதுதான் இச்சோதனையின் உண்மையான பயன். எண் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள மட்டும்.

மாற்றும் முறைகள்

பட்டையின் கணக்கு எளிது, ஆனால் ஏமாற்றும். விறைப்பு பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதத்தில் கூடும். கனத்துக்கோ அதன் மும்மடிப் பெருக்கத்தின்படி கூடும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே அளவில் 7 மி.மீ. பட்டை வைத்தால் விறைப்பு ஏறத்தாழ 59 விழுக்காடு உயரும். கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நீளம் கூடினால் எதிர்ப்பக்கம்: பத்தில் ஒரு பங்கு நீளமான பட்டை நான்கில் ஒரு பங்கு மென்மையாகிவிடும். இரண்டாவது விற்பனையில் கிடைக்கும் வேறு வண்டிப் பட்டையை ‘ஒரே மாதிரிதான்’ என்று வாங்கிப் பூட்டுபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு பட்டை சேர்ப்பது, ஒன்றை எடுப்பது இரண்டும் மிகப் பழைய மாற்றங்கள். பாரம் ஏற்றுபவர் சேர்ப்பார். தனியாகச் சுற்றுபவர் எடுப்பார். எடுத்த வண்டியில் ஒரு நாள் ஆறு பேர் ஏறினால் பட்டை நிமிர்ந்து ரப்பர் தடுப்பில் மோதும். அடுத்தது வளைவு ஏற்றுவது. அனுபவமுள்ளவர்கள் பட்டையைச் சூடாக்காமலேயே, பட்டடையில் வைத்து சுத்தியலால் வரிசையாகத் தட்டி வளைப்பார்கள். கேஸ் வெல்டிங் சுடரால் சிவக்கக் காய்ச்சி வளைப்பது சுலபம். ஆனால் ஆலையில் எண்ணெயில் தோய்த்துப் பதமேற்றிய எஃகின் பதம் அந்த இடத்தில் போய்விடும். சில மாதத்தில் அது திரும்பத் தொய்யும், அல்லது அங்கேயே உடையும். பட்டையின் மேல் வெல்டிங் வைப்பதும் இதே கணக்கு.

பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய ஜீப்புகளில் பட்டை அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருக்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால், புதிய பட்டை வாங்காமலேயே வண்டி ஏறத்தாழ 12 செ.மீ. உயர்ந்துவிடும். கரடு வழிப் பிரியர்களுக்கு இதில் மோகம் அதிகம். செலவு குறைவு, தோற்றம் கம்பீரம். ஆனால் அந்த 12 செ.மீ. வேறு பல இடங்களில் விலை கேட்கும். ஸ்டியரிங் தண்டின் கோணம் மாறி, குழியில் விழும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். புரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்ந்து அதன் மூட்டுகள் தேயும். முடுக்கும்போது அச்சே முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். பிரேக் ஹோஸ் எட்டாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கவிழ்தல். போர்க்கால ஜீப்பின் இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 124 செ.மீ. அதன் எடை மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி பக்கவாட்டில் 43 பாகைக்குச் சற்று மேல் சாயும் வரை கவிழாது. உடலை உயர்த்தி மையம் 75 செ.மீ.க்குப் போனால் அந்த எல்லை 40 பாகைக்குக் கீழே வந்துவிடும். பட்டை அமுங்குவதையும் டயர் வளைவதையும் சேர்த்தால் இன்னும் குறையும். வீராணம் கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவில் இந்த நான்கு பாகை பெரிய விஷயம். தார்ச்சாலையில் குறுக்கே மாடு வந்து திடீரென ஒடிக்கும்போது அதைவிடப் பெரிய விஷயம். வயல் வழிக்காக உயர்த்திய வண்டி அதன் வாழ்நாளில் பெரும்பகுதியை நெடுஞ்சாலையில்தான் கழிக்கிறது.

இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் ஸ்டியரிங் இணைப்பு, ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், முறுக்குத் தடுப்புக் கம்பி என்று ஒவ்வொன்றையும் மாற்றியவர்கள். ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடியும் வேலை அல்ல.

சட்டம்

கொல்லரும் வண்டிக்காரரும் பேசி முடித்த காலத்தில் இதில் அரசுக்கு இடமில்லை. 1939 மோட்டார் வாகனச் சட்டம், பதிவு விவரத்தைப் பாதிக்கும் மாற்றத்தைச் செய்யும் உரிமையாளர் பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்றது. 1988 சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தொடர்ந்தது. 2000-இல் வந்த திருத்தம் கடுமையானது: பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இத்திருத்தத்தை அப்படியே உறுதி செய்தது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் 182அ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் அளவுக்கு அதன் அமைப்பில் செய்யும் மாறுதலையே சட்டம் மாற்றம் என்கிறது. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவுப் பட்டை, புதிய புஷ், புதிய ஷாக் அப்சார்பர் ஆகியவை பழுதுபார்ப்பு. உடலை ஒரு சாண் உயர்த்துவதை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டியைத் தகுதிச் சான்றுக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது இந்தக் கேள்வி நிச்சயம் எழும்.

சட்டம் சற்று முரட்டுத்தனமானது என்பதில் ஐயமில்லை. சில நாடுகளில் இருப்பது போல, மாற்றிய வண்டியைத் தனியாகச் சோதித்துச் சான்று தரும் எளிய ஏற்பாடு இங்கே தனிமனிதருக்கு இல்லை. அளந்து, கணக்கிட்டு, எல்லா உறுப்பையும் ஒத்துமாற்றியவரையும் ஷேக்கிளை நீட்டிவிட்டுக் கிளம்பியவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. ஆனால் எதிரே பேருந்தில் வரும் அறுபது பேருக்கு இவர்களில் யார் யார் என்று தெரிய வழியில்லை என்பதும் உண்மை.

பட்டைக்குப் பின்

மகிந்திரா 2010-இல் கொண்டுவந்த தார் வண்டியில் முன்புறம் தனித்தனியாக இயங்கும் முறுக்குத் தண்டு அமைப்பு. பின்புறம் மட்டும் பட்டை. 2020 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்த புதிய தாரில் நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங். அந்த வரிசையில் பட்டையின் காலம் அத்தோடு முடிந்தது. சுருள் ஸ்பிரிங்கில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. வேறு ஸ்பிரிங் வாங்கத்தான் வேண்டும். சோதனை முறை மட்டும் மாறவில்லை. மூட்டை, அளவுநாடா, நோட்டுப் புத்தகம் இதற்கும் போதும்.

லாரி, டிராக்டர் டிரெய்லர், குட்டியானை எனப்படும் டாடா ஏஸ் ஆகியவற்றில் பட்டை இன்னும் இருக்கிறது. உடைந்த பட்டைகளைப் பழைய இரும்புக் கடைகள் தனியாக எடுத்து வைக்கின்றன, மற்ற இரும்பைவிடக் கூடுதல் விலைக்கு. கொல்லுப்பட்டறைகள் அவற்றை வாங்கிக் காய்ச்சி, அரிவாளும் கொடுவாளும் உளியும் அடிக்கின்றன. தமிழகத்தில் அரிவாள் அடிப்பவர்களிடம் கேட்டால் லாரிப் பட்டைக்கு ஈடான இரும்பு கிடையாது என்பார்கள்.